மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

முதலில் கெட்டுப்போனது என் மூக்குதான்.

ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே பூட்டும்போது குப்பென்று ஒரு வாடை அடித்தது. என் ஹெல்மெட், என் வியர்வை. முந்தின நாள் வரைக்கும் அப்படி ஒரு வாடை இருப்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்கு என்னவோ செத்த எலியை வாரில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். மறுநாள் சோப்பே நாறியது. சோப்புக் கம்பெனிக்காரன் ஏமாற்ற ஆரம்பித்துவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டே வேலைக்குப் போனேன். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தோன்றாது. பிறவிக் குணம்.

நான் கிரேன் ஓட்டுகிறேன். ரோட்டில் போகிற கிரேன் இல்லை. இரும்புத் தகட்டைப் பாய் மாதிரிச் சுருட்டி லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்குகிற பெரிய ஷெட் எங்களுடையது. அந்தச் சுருளைக் காயில் என்போம். ஷெட்டின் கூரைக்குக் கொஞ்சம் கீழே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு இரும்புப் பாலம் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். பாலத்திலிருந்து கம்பியில் ஒரு கொக்கி இறங்கும், காயிலை அதில் மாட்டித்தான் தூக்குவோம். பாலத்தின் ஓரத்தில் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி தொங்கும். அதுதான் கேபின். காலையில் சுவரோர ஏணியில் ஏறி உள்ளே உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறக்கம். கீழே இருக்கிற ஆட்கள் எனக்கு 'மேல்வீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். "மேல்வீட்டுல ஆள் வந்தாச்சு, வாடகை வாங்கிக்கங்கப்பா" என்று கத்துவார்கள். கத்தட்டும். உலகத்தில் என் தலைக்கு மேலே யாரும் உட்கார்ந்திருக்காத ஒரே இடம் அது.

மேலிருந்து பார்த்தால் காயிலின் முதுகுதான் தெரியும், அடி தெரியாது. அதனால் கீழே ஒரு சிக்னல்காரர் வேண்டும். அவர் கையைப் பார்த்துத்தான் நான் லீவரைத் தொட வேண்டும். விரல் மேலே சுற்றினால் தூக்கு. உள்ளங்கை தரையைப் பார்த்து அசைந்தால் இறக்கு. இரண்டு கையையும் விரித்தால் நில். என் சிக்னல்காரர் என் வீட்டுக்காரர்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் கையைப் பார்த்து ஓட்டியவள் நான். சொல்லப்போனால் கையைப் பார்த்துத்தான் ஆளையே பிடித்தது. அவசரமில்லாத கை. மாமியார் முன்னால் அவரை 'நீங்க' என்பேன். தனியாக இருக்கும்போது 'நீ'. கோபம் வந்தால் தனியாக இருந்தாலும் மறுபடி 'நீங்க' ஆகிவிடும். அதைக் கேட்டாலே மனிதர் உஷாராகிவிடுவார்.

அந்த மாதம் எங்கள் ஷெட்டில் ஒரு விஷயம் முடிவாக வேண்டியிருந்தது. பழைய ஆபரேட்டர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து நானும் என் கொழுந்தனும் தற்காலிகமாக ஓட்டிக்கொண்டிருந்தோம். பகல் ஷிப்ட் எனக்கு. சாப்பாட்டு நேரத்திலும் என் லீவு நாளிலும் அவன். இரண்டு பேரும் ஒரே பரீட்சை எழுதி ஒரே லைசென்ஸ் வாங்கியவர்கள். கேபின் ஒன்றுதான். "மாசக் கடைசியில ஒருத்தரைப் பர்மனென்ட் பண்ணிரலாம், ஆகட்டும்" என்றார் சூப்பர்வைசர். அவருக்கு எல்லாமே ஆகட்டும்தான். லாரி கவிழ்ந்துவிட்டது என்றாலும் "ஆகட்டும்" என்பார். எங்களுக்குள் அவர் பெயரே 'ஆகட்டும்' சார்.

மாமியாருக்கு அந்த வேலை சின்னவனுக்குக் கிடைக்க வேண்டும். அதில் தப்பில்லை. பர்மனென்ட் இல்லாத பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? "உனக்கென்னடி, சம்பாதிக்கிற புருஷன் இருக்கான்" என்று என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். நானும் நேராகவே சொன்னேன். "அத்தை, புருஷன் இருக்கான்னு யாரும் எனக்கு லைசென்ஸ் குடுக்கல." அன்றைக்கு வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே கழுவப்பட்டன.

மூக்குக்கு அடுத்து மார்பு. பாதுகாப்பு பெல்ட்டை இழுத்துப் பூட்டும்போது உயிர் போகிற மாதிரி வலித்தது. பெல்ட் முறுக்கிக்கொண்டது என்று வைத்துக்கொண்டேன். பிறகு தூக்கம். பகல் வெளிச்சத்தில், கையில் லீவரோடு, கண்ணைச் செருகிக்கொண்டு வரும் தூக்கம். வெக்கை என்றேன். பிறகு வாயில் ஒரு ருசி, சாவியை நக்கின மாதிரி. இரும்பு ஷெட்டில் இரும்பு ருசிக்காமல் சர்க்கரையா ருசிக்கும் என்றேன். அதற்குப் பிறகு மூத்திரம். மேலே அதற்கு வழி கிடையாது. ஏணி இறங்கி, ஷெட்டைத் தாண்டி, கேட்டை ஒட்டியிருக்கும் கழிவறைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதுவரை ஒரு லாரி நிற்கும். நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். நிறுத்தியும் நின்றபாடில்லை.

தீட்டு தள்ளிப் போயிருந்தது என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது எனக்கு எப்போதுமே தன் இஷ்டத்துக்கு வந்து போகும். நாமும் கூப்பிட்டனுப்பியதில்லை.

கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கேட்டில் உட்கார்ந்திருக்கும் அக்காதான் பெண்கள் யாராவது போனால் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள். கேட் அக்கா என்போம். அன்றைக்குக் கதவைப் பிடித்தபடியே வெளியிலிருந்து கேட்டாள்.

"ஏண்டி, காலையிலேருந்து எத்தனை தடவ எறங்குவ?"

"சூடு அக்கா. உடம்பு சூடு."

"சாப்பாடு எறங்குதா?"

"சாப்பாடெல்லாம் எறங்குது. இந்தச் சோப்புதான் நாறுது. கம்பெனிக்காரன் என்னத்தையோ கலந்து…"

"சோப்பு நாறுதா?"

"ஹெல்மெட்டும் நாறுது. எங்க வீட்டுக்காரர் தலையும் நாறுது."

அவள் கதவோடு ஒட்டி நின்று, குரலைத் தணித்துக்கொண்டு, "சோப்புல ஒண்ணும் இல்லடி. எனக்குப் பெரியவன் வயித்துல இருக்கும்போது டீசல் நாத்தம் தாங்காது. டீசல் வண்டியிலதான் நாள் பூராவும் உக்காந்திருந்தேன்" என்றாள்.

அந்த அக்கா எங்கள் ஷெட்டில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டியவள். அவளைப்போல் ரிவர்ஸ் எடுக்க ஆள் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வார்கள். மாசமாக இருக்கிறேன் என்று அவள் போய்ச் சொன்னதும், "உன் நல்லதுக்குத்தான்மா, கொஞ்ச நாள் கேட்டுல உக்காரு, ஆகட்டும்" என்றாராம் நம் ஆள். உட்கார்ந்தாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. பெரியவன் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறான்.

வயிற்றில் பிள்ளையோடு யாரும் இயந்திரத்தில் ஏறக்கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி உண்டு. நல்ல விதிதான், நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தவளை மறுபடி ஏற்று என்று சொல்கிற விதி மட்டும் தற்காலிக ஆட்களுக்குக் கிடையாது. பர்மனென்ட் ஆனவர்களுக்கு உண்டு. அவர்கள் இடம் அவர்களுக்காகக் காத்திருக்கும். மாதக் கடைசி வரை நான் தாக்குப் பிடித்தால் கேபின் என்னுடையது, பிள்ளையும் என்னுடையது. அதற்கு முன்னால் தெரிந்துபோனால் கேட்டில் இன்னொரு நாற்காலி போடுவார்கள்.

மறுநாள் அக்காவே மருந்துக்கடையிலிருந்து கர்ப்பம் பார்க்கிற பட்டையை வாங்கிவந்து கையில் திணித்தாள். சாப்பாட்டு நேரத்தில், தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முதல் கோடு வந்தது. இரண்டாவதும் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சிரித்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, பைத்தியம் மாதிரி. அந்த நேரம் பார்த்து ஷெட்டுக்குள் தண்டவாளத்தில் கிரேன் நகர்கிற சத்தம் கடகடவென்று வந்தது. கொழுந்தன் ஓட்டிக்கொண்டிருந்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"யாருகிட்டயும் வாயத் தெறக்காத," என்றாள் அக்கா. "உன் வீட்டுக்காரன்கிட்டயும்."

சொல்லியிருக்க மாட்டேன்தான். அவருக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும். அவர் காதைப் பார்த்தாலே மாமியாருக்குத் தெரிந்துவிடும். மாமியாருக்குத் தெரிந்தால் சின்னவனுக்குத் தெரியும். சின்னவன் கெட்டவன் இல்லை, ஆனால் அவன் வாய் ஓட்டைவாய். சந்தோஷத்தில் ஷெட் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்து வாழ்த்துச் சொல்வான்.

இரண்டு அறை, ஒரு கழிவறை உள்ள வீட்டில் இப்படி ஒன்றை ஒளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒளித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாந்தி எடுத்தேன். "தண்ணி என்ன ஆத்துலேருந்தா வருது? மூடு" என்று வெளியிலிருந்து மாமியார். மூடினால் எனக்கு வயிறு புரட்டும். திறந்தால் அவருக்கு. சாப்பிடும்போது என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மூஞ்சி ஏன் வெளிறிக் கெடக்கு?"

"பித்தம் அத்தை."

"பித்தம் இத்தனை நாளா இருக்கும்?"

"எனக்கு எல்லாமே நாள் கணக்குல இருக்கும்."

அவர் எழுந்துபோய் எலுமிச்சம்பழம் பிழிந்து கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் எனக்கு அதிகமாகப் பயம் கொடுத்தது. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்தார்கள். கழிவறையில்கூட நான் தனியாக இல்லை, காது ஒன்று கதவில் ஒட்டியிருந்தது. மேலே கேபினில் பார்க்க ஆள் இல்லை. ஆனால் அங்கே கண்ணாடி, வெக்கை, கிரீஸ் வாடை, இறங்க முடியாத உயரம். முன்பெல்லாம் அந்தக் கதவைச் சாத்தினால் அப்பாடா என்றிருக்கும். இப்போது சாத்துவதற்கு முன்னால் ஏணியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

இது போதாதென்று என் வீட்டுக்காரர் வேறு.

அவர் கை மெதுவாகிவிட்டது. முன்பு ஒரே வீச்சில் காட்டுகிற சிக்னலை இப்போது நிறுத்தி நிறுத்திக் காட்டினார். இறக்கு, நில், கொஞ்சம் இறக்கு, நில். பாரத்தைத் தரைக்குக் கொண்டுவருவதற்குள் அடுத்த லாரிக்காரன் இறங்கி டீ குடித்துவிட்டு வந்துவிடுவான். இன்னொன்றும் செய்தார். தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும், காயில் போகும் பாதைக்கு இரண்டு பக்கமும். தொங்குகிற பாரத்துக்கு அடியில் யாரும் வரக்கூடாது. சிக்னல்காரர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் காட்ட வேண்டும். இவர் லோடு ஆட்களைச் சுவரோரம் விரட்டிவிட்டு, தான் மட்டும் கோட்டுக்கு உள்ளே வந்து நின்றார். வித்தை காட்டுகிறாராம்.

"உன் பக்கம் லாரி சேர்ந்துபோச்சும்மா," என்றார் ஆகட்டும் சார். "சின்னவன் ஓட்டினா சரசரன்னு போகுது. பாத்துக்க. ஆகட்டும்."

சாப்பாட்டு நேரத்தில் நான் சாப்பாட்டு அறைக்குப் போகாமல் ஷெட்டுக்கு வெளியே ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். தம்பி மேலே இருக்கும்போது அண்ணன் கை பழைய மாதிரியே ஓடியது. கோட்டுக்கு வெளியே நின்று, ஒரே வீச்சில். எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறார்கள். என்னை மெதுவாக்கிக் காட்டி, தம்பியை மேலே ஏற்றப் பார்க்கிறார்கள். நான் யாருக்காக வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கிறேனோ, அந்தப் பிள்ளையின் அப்பாவே என் காலை வாருகிறார். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வேலை முடிந்து கம்பெனிச் சுவரை ஒட்டி நடந்துபோகும்போது பிடித்துக்கொண்டேன்.

"நீங்க எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

'நீங்க' என்றதும் மனிதர் நின்றுவிட்டார்.

"என்ன சொல்லணும்?"

"கை ஏன் அப்படி நொண்டுது? உங்க தம்பிக்கு மட்டும் பறக்குது?"

"ஜாக்கிரதையாக் காட்டுறேன்."

"எனக்கு மட்டும் என்ன ஜாக்கிரதை? நான் என்ன நேத்து வந்தவளா? வேலை உங்க தம்பிக்குத்தான்னா நேரடியாச் சொல்லிருங்க. நான் எறங்கிடறேன். இப்படிக் கூட இருந்தே குழி பறிக்க வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை.

"காயில் ஆடுது," என்றார்.

"என்ன?"

"நீ எறக்கும்போது காயில் ஆடுது. இத்தனை வருஷத்துல உன் கொக்கி ஆடி நான் பாத்ததில்ல. நடுவுல ஒரு எடத்துல உன் கை நின்னுபோகுது. அப்புறம் திடீர்னு முழிச்ச மாதிரி இழுக்குது. நான் வேகமாக் காட்டினா நீ அதே வேகத்துல எறக்குவ. அதான் மெதுவாக் காட்டுறேன்."

"வெக்கை. தூக்கம் வருது."

"ஏணியில பாதியில நின்னு மூச்சு வாங்குற. வேலைக்கு வந்த முதல் நாள்கூட நீ அப்படி நின்னதில்ல. மேலேருந்து எறங்கினதும் நேரா கேட் பக்கம் ஓடுற. ராத்திரி நான் பக்கத்துல படுத்தா மூக்கப் பொத்திக்கிற." அவர் ஒரு எட்டு கிட்ட வந்தார். "எத்தனை மாசம்?"

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் காதைப் பார்த்தேன். சிவந்திருக்கவில்லை.

"எப்பத்திலேருந்து தெரியும்?" என்றேன்.

"கொக்கி ஆட ஆரம்பிச்சதிலேருந்து."

"நான் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே?"

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்."

"உங்க அம்மாகிட்ட?"

"சொல்லல. பித்தமா இருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன்."

அந்த மனிதர் பொய் சொல்லியிருக்கிறார். எனக்காக, அவர் அம்மாவிடம், காது சிவக்காமல். நான் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அதற்குள் இன்னொரு விஷயம் மண்டையில் உறைத்துவிட்டது.

"மஞ்சக் கோட்டுக்கு உள்ள எதுக்கு வந்து நின்ன?"

அவர் நடக்க ஆரம்பித்தார்.

"கேக்கறேன்ல. எதுக்கு?"

"லோடு ஆளுங்க ரெண்டு பேரும் புள்ளகுட்டிக்காரங்க. அவங்க பாட்டுக்குக் குறுக்க நடப்பாங்க. ஆடற காயிலுக்குக் கிட்ட அவங்கள விட முடியுமா? தள்ளி நில்லுன்னா ஏன்னு கேப்பாங்க. நானே உள்ள நின்னா கேக்க மாட்டாங்க. கிட்ட நின்னா ஆடறதையும் கையால தடுத்து நிறுத்திடலாம்."

"கையால? காயில? உனக்கென்ன கிறுக்கா?"

"மாசக் கடைசி வரைக்கும்தான," என்றார். "அதுவரைக்கும் சமாளிச்சிடலாம். கேபின் உன்னோடதுதான். விட்டுக்குடுக்காத."

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்று அழுதேன். இனிமேல் உள்ளே வரமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். "நீ ஆடாம எறக்கு, நான் வரல" என்றார். ஆடாமல் இறக்குகிறேன் என்று நானும் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி மூக்கைப் பொத்தாமல் படுத்துக்கொண்டேன். அவர் தலை நாறத்தான் செய்தது.

மறுநாள் வேலை நன்றாகவே ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் எலுமிச்சம்பழத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். முதல் லாரி காலியானது. கொக்கி நூல் பிடித்த மாதிரி இறங்கியது. இரண்டாவது லாரியும் அப்படியே. அவர் கோட்டுக்கு வெளியே நின்றார், கையும் பழைய வேகத்தில் ஓடியது. கீழேயிருந்து ஒருத்தன் "மேல்வீட்டுல இன்னிக்கு நல்ல மூடு போல" என்றான். முடியும் போலிருக்கிறதே என்று நினைத்தேன். அப்படி நினைத்திருக்கக்கூடாதோ என்னவோ.

அடுத்தது பெரிய காயில். லாரியிலிருந்து தூக்கிப் பாதித் தூரம் கொண்டுவந்திருப்பேன். கிரீஸ் வாடை ஒன்று கேபினுக்குள் ஏறியது. கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஒரு மறைப்பு விழுந்தது. கையை லீவரிலிருந்து எடுத்துவிட்டேன், எடுத்தால் நின்றுவிடும். நின்றது. நின்ற வேகத்தில் காயில் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு மூச்சை இழுத்தேன். மறைப்பு விலகியபோது கீழே அவர் லோடு ஆட்களைப் பார்த்துக் கையை வீசி விரட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் சுவர் பக்கம் போனார்கள். அவர் திரும்பி, சர்வசாதாரணமாக, வீட்டு வாசல்படியைத் தாண்டுகிற மாதிரி மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய ஹெல்மெட்டின் உச்சிதான். அதற்கு மேலே காயில்.

கேபினில் ஒரு ஹாரன் உண்டு. சின்னதாக அடித்தால் நான் வருகிறேன் என்று அர்த்தம். விடாமல் நீளமாக அடித்தால் ஆபத்து என்று அர்த்தம். அடித்துவிட்டால் ஷெட்டில் எல்லா வேலையும் நின்றுவிடும், எல்லோரும் சுவரோரம் ஓட வேண்டும், சூப்பர்வைசர் வர வேண்டும். அடித்த ஆள் கீழே இறங்கி, எல்லோர் முன்னாலும் காரணத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறுபடி ஏற முடியாது. இத்தனை வருஷத்தில் நான் அதை அடித்ததே இல்லை.

அவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். என் கை எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நாங்கள் படித்த சிக்னலில் அப்படி ஒன்று கிடையாது.

அழுத்தினேன்.

ஷெட்டே அதிர்ந்தது. எல்லோரும் ஓடினார்கள். அவர் மட்டும் நின்றார். கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை எடுக்கவில்லை. போ, போய்த் தொலை, போடா என்று கண்ணாடிக்குள் கத்தினேன். வாழ்நாளில் முதல்முறையாகப் புருஷனை 'டா' போட்டேன். அவருக்குக் கேட்டிருக்காது. ஹாரன் ஓய்கிற வழியாக இல்லை என்று புரிந்தபிறகு தலையைக் குனிந்துகொண்டு சுவர் பக்கம் நடந்தார். அவர் முதுகு சுவரில் பட்டபிறகுதான் கையை எடுத்தேன். ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தேன். யாருமில்லாத தரையில், யார் கையும் பார்க்காமல், அந்தக் காயிலை மெல்ல இறக்கிவைத்தேன். ஒரு சத்தம் வரவில்லை. அவ்வளவு அழகாக நான் எதையும் இறக்கியதில்லை.

ஏணியில் இறங்கும்போது காரணம் ஒன்று தயாராக நாக்கில் இருந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்றால் போதும். மெக்கானிக் வந்து பார்ப்பான், ஒன்றுமில்லை என்பான், நான் மறுபடி ஏறிவிடலாம். மாதக் கடைசி பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் நான் ஏறினால் அவர் மறுபடி உள்ளே வருவார். அது எனக்கு என் பெயரைப்போலத் தெரிந்தது.

ஆகட்டும் சார் மூச்சிரைக்க வந்து நின்றார். பின்னால் கொழுந்தன், லோடு ஆட்கள், லாரிக்காரர்கள்.

"என்னம்மா? என்னாச்சு? பிரேக்கா?"

நல்ல மனிதர், பொய்யைக்கூட அவரே எடுத்துக்கொடுத்தார்.

"பிரேக்கெல்லாம் நல்லா இருக்கு சார். நான் மாசமா இருக்கேன். தலை சுத்துது. இனிமே ஓட்டினா யாராவது செத்துருவாங்க."

யாரோ ஒருத்தன் கைதட்டினான். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். லாரிக்காரர்கள்கூடத் தட்டினார்கள். "நல்ல விஷயந்தானம்மா, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? கேட்டுல ஒரு நாற்காலி போடச் சொல்றேன். கொஞ்ச நாள்தான். ஆகட்டும்" என்றார் சார். கைதட்டு ஓயவேயில்லை. எனக்கு அத்தனை பேர் கையையும் முறித்துப் போடலாம் போலிருந்தது.

கொழுந்தன் பக்கத்தில் வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "அண்ணி, சத்தியமா எனக்கு இப்படி வேண்டாம் அண்ணி" என்றான்.

"ஏறுடா. லாரி நிக்குது."

பெல்ட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். அவன் ஏறினான். பாதியில் நிற்காமல் ஏறினான். என் வீட்டுக்காரர் கோட்டுக்கு வெளியே போய் நின்று கையைத் தூக்கினார், விரலைச் சுற்றினார். நான் இறக்கிவைத்த காயில் தரையை விட்டு எழும்பியது.

இந்த ஷெட்டில் கிரேன் ஓடும்போது நான் மேலே இருப்பேன். கீழே இருந்தால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பேன். ஆகவே தலைக்கு மேலே ஒரு காயில் போவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. மேலிருந்து பார்க்கையில் அது கையில் போட்டுக்கொள்கிற வளையல் மாதிரிதான் இருக்கும். இப்போது கோட்டோரம் நின்று அண்ணாந்து பார்த்தேன். கூரை மறைந்தது, விளக்கு மறைந்தது. ஒரு வீடே கம்பியில் தொங்கிக்கொண்டு போனது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுக்கு அடியிலயா வந்து நின்ன?"

அவர் காயிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை தம்பிக்குச் சிக்னல் காட்டிக்கொண்டிருந்தது.

"மேல நீதான இருந்த," என்றார்.